கோதையின் முறுக்கும் கடல் தாண்டி வந்த ஜீப்பும்

ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் கோதை முறுக்குச் சுற்ற உட்கார்ந்தால், வீதியில் போகிற காற்றுகூட ஜன்னலண்டை கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகும். அவள் சுற்றுவது கை முறுக்கு. அச்சில் போட்டுப் பிழிந்து தள்ளுகிற சமாசாரம் இல்லை. மாவை விரல் நுனியால் திரித்துத் திரித்து, வட்டத்துக்கு வெளியே வட்டமாக வளர்த்துக்கொண்டே போக வேண்டும். ஐந்து சுற்று யார் கைக்கும் வரும். ஏழு சுற்றுக்குப் பழக்கம் வேண்டும். ஒன்பது சுற்றுக்குப் பூர்வ புண்ணியம் வேண்டும். கோதை பதினொன்று சுற்றுவாள், அதுவும் அடுத்த வீட்டு மாமியோடு வம்பு பேசிக்கொண்டே.

ஒரு தடவை வம்பு ருசியாக இருந்ததில் எண்ணிக்கை மறந்து அவள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே போய்விட்டாள் என்றும், அந்த முறுக்கை வெளியே எடுக்கக் கொல்லைச் சுவரை இடித்தார்கள் என்றும் தெற்கு வீதியில் சொல்வார்கள். சுத்தப் பொய். சுவரை யாரும் இடிக்கவில்லை. கதவு நிலையை மட்டும்தான் பெயர்த்தார்கள்.

கல்யாண வீடுகளுக்கெல்லாம் சீர் முறுக்கு அவள் கையிலிருந்துதான் போகும். சீர் முறுக்கு பிள்ளை வீட்டார் முன்னால் போய் உட்காரும்போது முழுசாக இருக்க வேண்டும். ஒரு சுற்று விட்டிருந்தாலும் சம்பந்திச் சண்டைக்கு அது போதும். அதனால் வீட்டில் கோதை ஒரு சட்டம் போட்டிருந்தாள்: முழு முறுக்கு கல்யாணத்துக்கு, உடைந்தது வீட்டுக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் முறுக்கு உடைவதில்லை. அவளைக் கட்டிக்கொண்ட ரெங்கநாதன், ரயில்வேயில் குமாஸ்தா, இருபது வருஷமாக முறுக்கு வாசனையில் குடித்தனம் நடத்திக்கொண்டு, ஊரெல்லாம் புகழ்கிற முறுக்கை ஊரார் சொல்லித்தான் தெரிந்துகொண்டிருந்தார்.

அந்த வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. மகள் கமலவல்லிக்கு வரன் துறையூரைத் தாண்டி, பச்சைமலை அடிவாரத்தில். நிலபுலம் உள்ள குடும்பம். பையன் தங்கம். பையனுடைய தாத்தா கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாதவர் என்பதால் கல்யாணம் அங்கேதான் என்று முடிவாயிற்று. எல்லாம் சரி. சம்பந்தி மாமிதான் கொஞ்சம் பேர் போனவள். மூத்த மருமகள் வந்தபோது சீர் அதிரசத்தில் ஒன்று ஓரம் விண்டிருந்ததாம். ஏழு வருஷமாக அந்தப் பெண்ணுக்கு அந்த வீட்டில் பெயரே "விண்ட அதிரசம்" என்றாகிவிட்டது. "விண்ட அதிரசம், தீர்த்தம் கொண்டா." "விண்ட அதிரசத்துக்குப் பிள்ளை பொறந்திருக்கு."

கமலவல்லி இதைக் கேட்டுவிட்டு அம்மாவிடம் வந்து நின்றாள்.

"அம்மா, என்னை அங்கே உடைஞ்ச முறுக்குன்னு கூப்பிட்டா நான் அன்னிக்கே திரும்பி வந்துடுவேன்."

"கூப்பிட மாட்டாடி. என் முறுக்கு என்னிக்கு உடைஞ்சிருக்கு?"

வாய்தான் சொல்லிற்று. மனசு வழியைக் கணக்குப் போட்டது. பாலம் தாண்டி மலைக்கோட்டை வரை கூடையைத் தலையில் சுமந்து போவது ஒன்று. துறையூருக்கு அப்பால், பஸ் போகாத கல்லுப் பாதையில், மாட்டு வண்டியில் நாள் முழுக்கக் குலுங்கிப் போவது வேறு.

அந்தச் சமயம் பார்த்து ரெங்கநாதன் ஜீப் வாங்கினார்.

ராணுவ ஏலத்தில் எடுத்தது. யுத்தத்தின்போது பர்மாவிலே ஓடியதாம். ஓடிய களைப்பு தெரிந்தது. தரை என்று ஒன்று இல்லை. உட்கார்ந்து குனிந்தால் ரோடு தெரியும். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஆமணக்குச் செடி இடுப்பளவு வளர்ந்து காய்த்திருந்தது. பெட்ரோல் தொட்டிக்குள் ஒரு பெருச்சாளி குடும்பமாக வாசம் பண்ணியது. இரண்டு மாடு பூட்டி இழுத்துக்கொண்டு வீதிக்குள் நுழைந்தபோது, எதிரே வந்த கோயில் யானை ஒரு அடி பின்னால் வைத்து வழி விட்டது. மரியாதைக்கு இல்லை, பயத்தில்.

"ரெங்கநாதா, கருட வாகனம் பாத்திருக்கோம், ஹம்ஸ வாகனம் பாத்திருக்கோம். இது என்ன வாகனம்டா?" என்றார் எதிர்வீட்டு வாத்தியார்.

"துரு வாகனம்" என்றாள் கோதை வாசலில் நின்றபடி.

"சிரிங்கோ, சிரிங்கோ. இதுலதான் கமலிக்குச் சீர் போகப் போறது. மலைமேலேயே ஏறும் இது. நாலு சக்கரமும் இழுக்கும்."

"முதல்ல மாடு இல்லாம நகரட்டும்."

வாத்தியாருக்கு வேறு கவலை. கடல் தாண்டிப் போய் வந்த வண்டி. பிராயச்சித்தம் பண்ணாமல் அதில் சீர் ஏற்றலாமோ? கூடாது என்று வீதி தீர்மானித்தது. ஜீப்பைக் கொள்ளிடத்துக்கு இழுத்துப்போய், வாத்தியார் மந்திரம் சொல்ல, முக்கினார்கள். புண்ணியம் தலைக்கேறியதாலோ என்னவோ அது மறுபடி கரையேற மறுத்துவிட்டது. மாடுகள் வந்துதான் இழுத்தன. பெருச்சாளிக் குடும்பம் மட்டும் அன்றைக்கு அக்கரைக்கு நீந்திப் போய்ச் சேர்ந்தது.

அங்கிருந்து நேரே பாலக்கரை, பரக்கத் அலியின் பட்டறை. தகரத்தைத் தட்டி உருவம் கொண்டுவருவதில் பரக்கத் அலியை மிஞ்ச ஆள் கிடையாது. நசுங்கிய குடத்தை அவர் பட்டறை வாசலில் வைத்தாலே அது தானாக நிமிரும் என்பார்கள். ஜீப்பைச் சுற்றி வந்து, ஒரு விரலால் கதவோரத்தைத் தொட்டார். அந்தப் பக்கம் முழுவதும் பொலபொலவென்று உதிர்ந்தது.

"சாமி, இதுல வண்டி எது, துரு எதுன்னு சொல்லிட்டீங்கன்னா, நான் வண்டியை மட்டும் வச்சுக்குவேன்."

நல்ல தகரத்துக்கு அப்போது கிராக்கி. கோதை சமையலறைப் பரணிலே பெருங்காயத் தகரங்கள் ஏராளமாகக் கிடந்தன, பெரிய பெரிய டப்பாக்கள். அவற்றை வெட்டி விரித்துத்தான் பக்கங்களும் முன்மூடியும் கட்டினார் பரக்கத் அலி. தரைக்குப் பலாப்பலகை. மடிசார் கட்டிய மாமிகள் ஏறுவதற்கு ஒரு படி. பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கூடை வைக்க மரத்தட்டுகள். ரெங்கநாதன் குடுமி இடிக்காமல் இருக்க உயரமான தகரக் கூரை. இன்ஜினையும் பிரித்து மாட்டி, மாடு இல்லாமல் நகர வைத்தார். மேலே பச்சை பெயிண்ட் அடித்ததும் பார்ப்பதற்கு லட்சணமாகவே இருந்தது. ஒரே குறை, இன்ஜின் சூடேறினால் தகரமும் சூடேறி, வண்டி முழுவதும் சாத்தமுது, அதாவது ரசம், கொதிக்கிற வாசனை கிளம்பும். காந்தி மார்க்கெட் பக்கம் அது ஒரு சுற்றுப் போனால், பதினோரு மணிக்கே கடைக்காரர்களுக்கெல்லாம் பசி வந்துவிடும்.

மேல்பாகம் ஆயிற்று. அடியில்தான் வில்லங்கம். வண்டியின் பாரத்தைத் தாங்க, வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு கட்டு வைத்திருப்பார்கள். பழையது எல்லாம் முறிந்து கிடந்தது. பரக்கத் அலி லாரிப் பட்டைகளை வெட்டிப் போட்டார். லாரிப் பட்டை லாரியைத் தாங்கப் பிறந்தது. இந்த வண்டி அதற்குக் குருவி மாதிரி. வண்டி ஒரு சின்னக் கல்லின் மேல் ஏறினாலும் உள்ளே இருப்பவர்கள் கூரையைத் தொட்டுவிட்டு வந்தார்கள்.

கோதை நிபந்தனை போட்டாள்.

"ஒரு தட்டு முறுக்கு வைப்பேன். மணப்பாறை வரைக்கும் போயிட்டு வரணும். ஒண்ணுகூட உடையாம வந்தா சீர் ஜீப்பில. உடைஞ்சா மாட்டு வண்டி."

"உடைஞ்சா பட்டையில ஒண்ணைக் கழட்டிடறோம் மாமி. கழட்டக் கழட்ட மெத்துன்னு ஆயிடும்" என்றார் பரக்கத் அலி.

அப்படித்தான் முறுக்குச் சோதனை ஆரம்பமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை தோறும் ரெங்கநாதன் ஓட்ட, பரக்கத் அலி பக்கத்தில் உட்கார, நடுவே முறுக்குத் தட்டு. முறுக்குக்கென்றே பெயரெடுத்த மணப்பாறைக்கு முறுக்கு எடுத்துக்கொண்டு போகிறவர்களை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. சந்தைக்கு மாடு ஓட்டி வந்தவர்கள் வண்டியை நிறுத்தி, "ஏங்க, எங்க ஊரு முறுக்கு மேல அம்புட்டு நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார்கள்.

முதல் வாரம் எல்லாம் உடைந்து வந்தது. இரண்டாம் வாரமும் உடைந்தது. மூன்றாம் வாரமும்.

"என்னன்னா இது? பட்டை கழட்டினேளா?"

"கழட்டினோம் கோதை. பாழாப் போன ரோடு."

கோதை உடைந்த துண்டுகளைத் தாம்பாளத்தில் கொட்டி, ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்தாள். அவள் சுற்றிய முறுக்கு. எந்த வளைவு எந்தச் சுற்றென்று அவளுக்குத் தெரியாதா? ஒரு தட்டு முறுக்கின் துண்டுகளைச் சேர்த்தால் இரண்டு முறுக்குக்கு மேல் தேறவில்லை.

"மத்தது எங்கே?"

"தூளாயிடுத்து."

"தூள் எங்கே?"

"காத்துல பறந்துடுத்து. வண்டி வேகம் அப்படி."

அதைச் சொல்லும்போது ரெங்கநாதன் வாயோரத்தில் ஒரு சீரகம் ஒட்டிக்கொண்டிருந்தது. கோதை ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருப்பது கோதைக்கு வழக்கம் இல்லாததால், அடுத்த வீட்டு மாமி பயந்து போய் விபூதியா துளசித் தீர்த்தமா என்று கேட்டாள்.

மறுநாள் கோதை பாலக்கரைக்குப் போனாள். பட்டறைக் கல்லைச் சுற்றி எறும்பு சாரி சாரியாகப் போய்க்கொண்டிருந்தது. சுத்தியல் பிடிக்கிற ஆட்களுக்கெல்லாம் கன்னம் உப்பி, முகம் பௌர்ணமி மாதிரி இருந்தது.

"வாங்க மாமி, வாங்க. என்ன இவ்வளவு தூரம்?"

"சும்மாத்தான் பாய். இது என்ன, கல்லுமேலே பொன்னிறமா?"

பரக்கத் அலி குனிந்து பார்த்தார். "துரு மாமி."

"ஓ."

துருவுக்குச் சீரகம் போட்டு வெண்ணெய் விட்டுப் பிசைகிற வழக்கம் பாலக்கரையில் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு, கோதை முந்தானையைச் செருகியபடி வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். முறுக்கின் சுற்றை எண்ணி எண்ணிப் பழகிய கண் அது; அடுக்கு எதைப் பார்த்தாலும் தானாக எண்ணிவிடும். முதல் வாரம் பார்த்தபோது ஒரு கட்டுக்கு எட்டுப் பட்டை. இப்போது பத்து.

விஷயம் விளங்கிவிட்டது. கழற்றவில்லை, சேர்த்திருக்கிறார்கள். இருபது வருஷம் முறுக்கு கிடைக்காத மனுஷருக்கு முறுக்கு உடைக்கிற யந்திரம் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. அதைச் சரி பண்ண யாருக்கு மனசு வரும்? முகூர்த்தத்துக்கு முன்னால் கழற்றிக்கொள்ளலாம் என்று இருந்திருப்பார். அவர் கணக்கில் முகூர்த்தத்துக்கு எப்போதும் முதல் நாள் ஒன்று பாக்கி இருக்கும். ரயில்வேக்காரரே ஒழிய, எந்த ரயிலையும் அவர் பிளாட்பாரத்தில் நின்று பிடித்ததில்லை, ஓடித்தான் பிடித்திருக்கிறார். இந்தத் தடவை ரயில் போய்விட்டால் உடைந்த முறுக்கு என்ற பெயரைச் சுமக்கப்போவது அவள் பெண்.

வீட்டுக்கு வந்து கத்தினாளா? இல்லை. நாட்டு மருந்துக் கடையில் நிலவேம்பு வாங்கினாள். ஒரு அண்டா தண்ணீரில் போட்டு, அரை அண்டாவாகக் குறுகி, பக்கத்தில் போனாலே நாக்கு மடங்குகிற அளவுக்குக் காய்ச்சினாள். அந்தக் கஷாயத்தை விட்டு மாவு பிசைந்தாள். வெண்ணெய் வழக்கத்தைவிட ஒரு பிடி அதிகம். வாசனை தூக்க வேண்டுமே. பதினொரு சுற்று. பொன்னிறம். பார்த்தால் பெருமாளே கை நீட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை தட்டு போயிற்று. வழக்கமாகச் சாயங்காலம் திரும்புகிற ஜீப் உச்சி வேளைக்கே திரும்பிற்று. ரெங்கநாதன் இறங்கி, கிணற்றடிக்குப் போய், ஒரு வாளித் தண்ணீரையும் வாய் கொப்பளித்தே தீர்த்தார்.

"ஏன்னா, முறுக்கு எப்படி?"

"உடைஞ்சு… உடைஞ்சு போயிடுத்து."

"ருசி?"

"ருசியா? ருசியை நான் எங்கேடி கண்டேன்?"

"அதானே. காத்துன்னா தின்னுடறது."

அவர் முகம் போன போக்கைக் கோதை கண்ணால் சாப்பிட்டாள். கசக்கிறது என்று சொன்னால் தின்றதை ஒப்புக்கொள்ள வேண்டும். விழுங்கினார். இந்த மாதிரி விழுங்குவது உலகத்திலேயே கஷ்டமான விழுங்கல். பாலக்கரையிலும் அதே கதை: அன்று சாயந்தரம் பட்டறையில் சுத்தியல் சத்தத்துக்குப் பதிலாகக் காறித் துப்புகிற சத்தம்தான் கேட்டதாம்.

கிணற்றடியிலிருந்து உள்ளே போகிறபோது கோதை சொன்னாள்: "அடுத்த வாரமும் இதே பக்குவத்துல சுத்தித் தரேன். முழுசா வர்ற வரைக்கும் இதே பக்குவம்தான்."

புதன்கிழமைக்குள் ஜீப் தயாராகிவிட்டது. வேண்டாத பட்டைகளை எடுத்து, மிச்சமிருந்ததைத் துரு போகத் தேய்த்து, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும்படி விளக்கெண்ணெய் தடவி, பரக்கத் அலி தன் கையால் பூட்டினார். இப்போது வண்டி ஓடவில்லை, மிதந்தது. மணப்பாறை போய் வந்த தட்டில் ஒரு முறுக்கு அசைந்ததாகக்கூடத் தெரியவில்லை. வண்டியில் ஏறியவர்கள் எல்லாரும் தூங்கிப்போனார்கள். ரெங்கநாதனைத் தூங்கவிடாமல் கிள்ளுவதற்கென்றே பரக்கத் அலி பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் விடிந்ததும் கிளம்பினார்கள். பெண்ணும் உறவுக்காரர்களும் முதல் பஸ்ஸிலேயே துறையூர் போய்விட்டார்கள். ஜீப்பில் கூடை கூடையாகச் சீர் முறுக்கு, வெள்ளை வேஷ்டி போர்த்தி. காவலுக்குக் கோதை. மண்ணச்சநல்லூர் தாண்டி, துறையூர் தாண்டி, பாதை குறுகி, கல்லும் மேடுமாக ஆனபோதும் வண்டி தொட்டில் மாதிரித்தான் ஆடிற்று. கோதையே இரண்டு கொட்டாவி விட்டுவிட்டாள்.

கடைசியில் ஒரு ஓடை. மலையில் மழை பெய்திருக்கிறது போலிருக்கிறது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடிற்று. பரக்கத் அலி இறங்கிப் பார்த்தார்.

"மாமி, வண்டி போயிடும். ஆனா பட்டையைக் குறைச்சதுல உசரம் கொஞ்சம் இறங்கிப் போச்சு. இவ்வளவு பாரத்தோட போனா பலகைக்கு மேல தண்ணி ஏறும்."

"ஏறினா முறுக்கு கூழாயிடும்."

"கூடையை இறக்கி ஆள்தான் சுமக்கணும்."

யார் சுமப்பது? ஓடைக்குள் வண்டியை இறக்கி ஏற்றப் பரக்கத் அலியால்தான் முடியும். கோதை மடிசாரோடு ஓடையில் இறங்கி விழுந்து வைத்தால் முறுக்கும் போச்சு மானமும் போச்சு. இருவரும் ரெங்கநாதனைப் பார்த்தார்கள்.

"நானா?" என்றார் அவர்.

கோதைக்கு அந்த நிமிஷம் உயிர் கையில் இல்லை. இருபது வருஷப் பசியின் தலையில் பதினொரு சுற்று முறுக்கை ஏற்றி, தனியே தண்ணீருக்குள் அனுப்ப வேண்டும். நடு ஓடையில் ஒன்று "உடைந்து காற்றில் பறந்தால்" யார் கேட்பது?

"ஏன்னா, இது நல்ல முறுக்கு. அந்தப் பக்குவம் இல்லை" என்றாள் மெதுவாக.

ரெங்கநாதன் அவளை ஒரு பார்வை பார்த்தார். அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கிற்று. வேஷ்டியை மடித்துக் கட்டி, முதல் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு அடியாகக் காலால் கல்லைத் தடவி, கழுத்தை விறைத்து, உற்சவ மூர்த்தியை எழுந்தருளப் பண்ணுகிற மாதிரி நடந்தார். வெண்ணெய் வாசனை நேரே மூக்கில் இறங்கிற்று. வாயில் ஊறிய எச்சிலை வழியெல்லாம் விழுங்கிக்கொண்டே போனார். ஓடைத் தண்ணீர் அன்றைக்கு ஒரு விரல்கடை உயர்ந்தது மழையால் மட்டும் இல்லை என்று சொல்வார்கள்.

மேலேயிருந்து மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு இறங்கி வந்த மலைக்காரர் வீரமலை, நின்று இந்தக் காட்சியை முழுசாகப் பார்த்தார்.

"ஏன் சாமி, வண்டி சும்மா வருது, நீங்க சுமந்துக்கிட்டு வாரீங்க?"

"வண்டிக்கு இன்னிக்கு ஏகாதசிப்பா" என்றார் ரெங்கநாதன், தலையைத் திருப்பாமல்.

கடைசிக் கூடை கரையேறியதும் கோதை வேஷ்டியை விலக்கி எண்ணினாள். ஒன்று குறையவில்லை. ஒரு சுற்று விடவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. ஓடைத் தண்ணீர் தெறித்துவிட்டது என்று துடைத்துக்கொண்டாள்.

சம்பந்தி மாமி வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கூடைகள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு முறுக்காக எடுத்தாள், வெளிச்சத்தில் பிடித்தாள், திருப்பினாள், தட்டினாள், காதில் வைத்துக்கூடப் பார்த்தாள். ஊரே மூச்சுப் பிடித்து நின்றது. மூத்த மருமகள் தூணோரமாக நின்று எந்தப் பெருமாளுக்கோ எதையோ வேண்டிக்கொண்டிருந்தாள். கடைசி முறுக்கை வைத்துவிட்டு மாமி நிமிர்ந்தபோது, பாவம், முகத்தில் களையே இல்லை. குறை சொல்ல ஒன்றுமில்லாத கல்யாணத்தை அவள் வாழ்நாளில் அப்போதுதான் பார்க்கிறாள்.

"இந்த ரோட்டுல எப்படி இப்படி வந்தது?"

"ஜீப்பில" என்றாள் கோதை.

மாமி ஜீப்பைப் பார்த்தாள். பச்சை நிறம், உயரக் கூரை, படி, சாத்தமுது வாசனை. கண்ணில் ஒரு மினுமினுப்பு வந்தது.

"பேஷ். அப்போ முறுக்கோட அந்த வண்டியும் மாப்பிள்ளைக்குச் சீராவே இருந்துட்டுப் போகட்டுமே?"

ரெங்கநாதன் பிடித்துக்கொண்டிருந்த கூடையை விட்டுவிட்டார். நல்ல வேளை, காலிக் கூடை. எல்லார் கண்ணும் கோதை மேல். மாட்டேன் என்றால் கமலவல்லிக்கு நாளையே "ஜீப் தராதவா பொண்ணு" என்று பெயர். சரியென்றால் புருஷன் இங்கேயே விழுந்துவிடுவார்.

கோதை சிரித்தாள். "தாராளமா எடுத்துக்கோங்கோ. ஆனா இது எங்காத்துக்காரர் இல்லாம நகராது. எங்கே அடிச்சா கிளம்பும், எங்கே உதைச்சா நிக்கும்னு அவருக்குத்தான் தெரியும். அவரையும் சேர்த்துத்தான் சீர். ஒரு ரூம் ஒழிச்சுக் குடுத்துடுங்கோ. காலம்பர ரெண்டு தரம் காப்பி. டிபன் சூடா இருக்கணும். சாயந்தரம் நொறுக்குத் தீனி ஏதாவது, அளவெல்லாம் அவருக்குக் கிடையாது."

மாமி ரெங்கநாதனை மேலிருந்து கீழே பார்த்தாள். ஓடை நனைத்த வேஷ்டி, ஆடுகிற குடுமி, முறுக்குக் கூடைகளை விட்டு நகராத கண். அந்தக் கண்ணைக் கொஞ்ச நேரம் நன்றாகவே பார்த்தாள்.

"வேண்டாம். சம்பந்தியைச் சீரா வாங்கினவான்னு எங்களை ஊர் சிரிக்கும். முறுக்கே போதும்" என்றாள்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. கமலவல்லியை அந்த வீட்டில் கமலவல்லி என்றே கூப்பிட்டார்கள். நல்ல முன்மாதிரி ஏற்பட்டுவிட்டதால் மூத்தவளுக்கும் சொந்தப் பெயர் திரும்பிற்று.

ஊர் திரும்பும்போது வண்டியை ரெங்கநாதன்தான் ஓட்டினார். துறையூர் தாண்டியதும் கேட்டார்.

"ஏண்டி, அவா சரின்னு சொல்லியிருந்தா?"

"ஜீப் போயிருக்கும்."

"நான்?"

கோதை யோசித்தாள். பின்னால் பரக்கத் அலி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியதில் வண்டியே கொஞ்சம் ஆடிற்று.

"உங்களை ஒரு வாரம் வச்சுண்டு, அவாளே கூலி குடுத்து வண்டி பிடிச்சுத் திருப்பி அனுப்பியிருப்பா. ரோட்டைப் பாத்து ஓட்டுங்கோ."